ராஜ வீதியின் பழைய பெயர்

தரங்கம்பாடியில் நகரவாயிலிலிருந்து கடற்கரை நோக்கிச் செல்லும் ராஜ வீதிக்கு டேனிஷ்காரர்கள் இட்ட பெயர் ‘கொங்கென்ஸ்கேத’. அதன் பின்பாதியான ‘கேத’ என்பதற்குத் தெரு என்று பொருள். 1706 ஜூலை 9 அன்று இவ்வூருக்கு வந்திறங்கிய கிறிஸ்தவ மதபோதகர் சீகன்பால்கு, டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்பி வந்தவரே ஆயினும், பிறப்பால் சாக்சனி நாட்டு ஜெர்மானியர். அவருடைய மொழியில் இதே சொல் ‘காஸ்ஸெ’ என வழங்கும். சுவீடனில் தெரு இன்றும் ‘காட்டா’தான் என்பதால், மூல வடிவின் டகர ஒலி அங்கே பிழைத்திருக்க, டேனிஷில் நெகிழ்ந்தும் ஜெர்மனில் ஸகரமாக உரசியும் போனது தெரிகிறது.

டேனிஷ் நெகிழ்வைத் தமிழ்ச் செவி எளிதில் பிடித்துக்கொள்ளும்: ‘தலை’யில் வல்லோசையாக நிற்கும் தகரம் ‘பாதை’யில் இரு உயிர்களுக்கிடையே மென்மையாகிறதல்லவா, ‘கேத’வின் தகரமும் ஏறக்குறைய அப்படித்தான். ஜெர்மனில் நடந்தது வேறு. அங்கே உயிரெழுத்தை அடுத்த டகரம் ஸகரமாகவும், சொல் முதலில் வந்த டகரம் ‘ட்ஸ’ எனவும் மாறியதால், ஆங்கிலத்தின் வாட்டர் ‘வாஸ்ஸெர்’ ஆயிற்று, டென் ‘ட்ஸேன்’ ஆயிற்று. இதனை மொழியியலார் இரண்டாம் மெய்ம்மாற்றம் என்பர்.

முதலாம் மெய்ம்மாற்றம் அதற்கும் பல நூற்றாண்டுகள் முந்தியது. வடமொழியின் தசம், பாதம், பிதா ஆகியவற்றுக்கு உறவான ஆங்கிலச் சொற்கள் டென், ஃபுட், ஃபாதர். தகரத்தின் மெல்லோசை டகரமாகவும், பகரம் ஃபகரமாகவும் சொல்லுக்குச் சொல் ஒரே முறையில் மாறியிருப்பதை டென்மார்க்கின் ராஸ்முஸ் ராஸ்க் 1818இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். 1820இல் இந்தியா வந்து இலங்கை வரை சென்ற அவர் 1823இல் ஊர் திரும்புவதற்குள், ஜெர்மானிய மொழியறிஞர் யாக்கோப் கிரிம் 1822இல் அதனை விரித்தெழுதிவிட, விதி கிரிம் பெயரையே பெற்றது. ராஸ்கிற்கு இது சற்று அநியாயமே.

அவ்விதிக்கும் அடங்காதவை சில இருந்தன. வடமொழியில் பிதா, ப்ராதா இரண்டிலும் தகரம் ஒன்றே; ஜெர்மனிலோ தந்தை ‘ஃபாட்டெர்’, உடன்பிறந்தான் ‘ப்ரூடெர்’ என, முன்னதில் வல்லோசையும் பின்னதில் மெல்லோசையும் கேட்கும். இதன் காரணத்தை 1877இல் அச்சேறிய கட்டுரையில் விளக்கிய கார்ல் வெர்னரும் டேனிஷ்காரரே. ப்ராதாவில் அழுத்தம் முதல் அசையிலும் பிதாவில் இரண்டாம் அசையிலும் விழுந்ததே அவ்வேறுபாட்டை விளைத்தது என்று அவர் கண்டார். ஜெர்மானிய மொழிகள் தொலைத்துவிட்ட அந்தப் பழைய அழுத்தத்திற்கு அவர் காட்டிய சான்று, கும்பகோணத்துப் பாடசாலைகளில் இன்றும் ஸ்வரம் பிசகாமல் ஓதப்படும் வேதமொழி.