உஷார்! மலையில் விட்ட பிள்ளை "நல்லா இருக்கேன்" என்கிறதா?

பிள்ளையை விடுதியில் சேர்த்திருக்கும் அம்மா அப்பாக்களே, கொஞ்சம் கவனியுங்கள். பிள்ளை அழுவதில்லை என்று நிம்மதியாக இருக்கிறீர்களா? ஆபத்து அங்கேயே இருக்கலாம்!

ஏற்காட்டுக்குப் பிள்ளைகளை அனுப்புவது புதிதல்ல. அங்குள்ள மான்ட்ஃபோர்ட் பள்ளி தொடங்கியதே 1917-ல். சேர்வராயன் மலைக் குளிர் பிள்ளையை ஒன்றும் செய்யாது. கீழே இருந்துகொண்டு நாம் செய்கிற சில காரியங்கள்தான் செய்யும்.

ஈரோட்டுப் பக்கம் ஒரு குடும்பம். ஏழாம் வகுப்புப் பையன் மலைப்பள்ளி ஒன்றின் விடுதியில். பரீட்சை சமயம் பார்த்துப் பாட்டி இறந்துவிட்டார். "படிக்கிற புள்ள, அப்புறம் சொல்லிக்கலாம்" என்று மறைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை போனில், "பாட்டிகிட்ட குடுங்க" என்றான். "தூங்குறாங்கப்பா" என்றார்கள். லீவுக்கு வந்தவன் பார்த்தது மாலை போட்ட படத்தை!

அவன் அழவில்லை. அதன்பிறகு எதையும் சொல்லவும் இல்லை. பெரிய பையன்கள் மாதக்கணக்கில் அடித்து வந்தது, அடுத்த லீவில் முதுகுத் தழும்பைப் பார்த்துத்தான் அம்மாவுக்குத் தெரிந்தது.

"ஏன்டா சொல்லல?"

"நீங்க மட்டும் சொன்னீங்களா?"

நல்லதுக்குத்தான் மறைத்தார்கள். அவனுக்கு அது எப்படித் தெரியும்?

பிரிட்டனில் விடுதிப் பள்ளிகளில் வளர்ந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்தவர் ஜாய் ஷாவரியன். சிறுவயதில் வீட்டைப் பிரிந்தவர்கள் உணர்ச்சிகளை உள்ளேயே பூட்டிக்கொள்வதையும், வளர்ந்தபின் கட்டியவரிடம்கூட மனம் திறக்கத் திணறுவதையும் 2015-ல் வந்த தன் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். லீவோடு முடிகிற விஷயமல்ல இது!

போன் பேச்சு "ம்", "சரி" என்று சுருங்குகிறதா? உஷார்! மலையேறும் நாளில் வயிற்றுவலி, வாந்தியா? கொண்டை ஊசி வளைவுகள்மேல் பழியைப் போடாதீர்கள். எப்போதோ நின்றுபோன, படுக்கையை நனைக்கும் பழக்கம் திரும்பிவிட்டதா? ஒரு நண்பன் பெயர்கூட வாயில் வரவில்லையா?

அதற்காக வாராவாரம் மலையேறிப் போய் நிற்கவும் வேண்டாம், தினம் வார்டனைக் குடையவும் வேண்டாம். பிள்ளை அங்கே வேர்விடட்டும். சொன்ன கிழமை, சொன்ன நேரத்தில் போன் செய்யுங்கள். ஒருமுறைகூடத் தவறாதீர்கள். வீட்டில் கெட்டது நடந்தால் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அடி, மிரட்டல், தகாத தொடுகை என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தாலும், "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நேரில் போங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம்.

வருகிற ஞாயிறு மார்க்கைக் கேட்காதீர்கள். ராத்திரி பக்கத்துக் கட்டிலில் யார் படுக்கிறார்கள் என்று கேளுங்கள்.