பழையதைக் காக்கும் படிப்பு



“பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினால் டாக்டராக வரவேண்டும், வக்கீலாக வரவேண்டும். சரித்திரம் படித்து என்ன பயன்?” என்று தோட்டத்துப் பெற்றோர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். பால்மரம் வெட்டிச் சேர்த்த காசு அல்லவா?

சிங்கப்பூரில் பாசிர் ரிஸ் பக்கம், லோயாங்கில், துவா பெக் கோங் என்றொரு சீனக் கோயில் இருக்கிறது. அங்கே நம் பிள்ளையாரும் இருக்கிறார். மலாய் டத்தோவுக்கும் இடம் உண்டு. 1980களில் கடற்கரையில் கிடந்த சிலைகளை நண்பர்கள் சிலர் எடுத்து வைத்து வழிபட்டதில் தொடங்கியது. 1996இல் தீக்கிரையானது. இப்போதுள்ள இடத்துக்கு 2007இல் வந்தது. இதன் வரலாற்றை எழுத வேண்டுமானால், முதலில் சிலையை எடுத்தவர்களைத் தேடிப்பிடிக்க வேண்டும். ஒருவர் சொன்னதை மற்றவர் சொன்னதோடு ஒத்துப்பார்க்க வேண்டும். சீனம், மலாய், தமிழ் மூன்றும் காதில் விழ வேண்டும். வரலாற்றுத் துறை தரும் பயிற்சி இதுதான். ஆண்டுகளை மனப்பாடம் செய்வதல்ல.

ரசாயனம் படித்தவர்களுக்கும் இதில் வேலை உண்டு. லிட்டில் இந்தியாவில், கேம்பல் லேனில், 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் போன்ற இடங்களில் பழைய துணி, காகிதம், செம்பு எல்லாம் இருக்கும். ஈரக்காற்றும் வெளிச்சமும் பூச்சியும் இவற்றுக்குப் பகை. பாதுகாப்பவர்களின் முக்கிய விதி ஒன்று: இன்று செய்ததை நாளை கழற்றி எடுக்க முடிய வேண்டும். ஆகவே பழைய காகிதத்துக்கு ‘லேமினேட்’ போடமாட்டார்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரித்தால் தாளும் கூடவே கிழிந்துவிடும்.

மொழி படித்தவர் செய்ததையும் கேளுங்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இராம சுப்பையா, கீழ்ப் பேராக் தமிழர் பேசும் சொற்களை ஆராய்ந்து 1966இல் நூலாக்கினார். நாம் ‘கொச்சை’ என்று வெட்கப்படும் பேச்சு அங்கே ஆராய்ச்சிப் பொருளாயிற்று! மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் 1969இல் அவர் ஒரு பட்டியல் தந்தார். எந்த நூல் இருந்தது என்றே தெரியாவிட்டால் தேடுவது எப்படி?

இந்த வேலைகள் ஏராளம் என்று ஆசை காட்டமாட்டேன். இடங்கள் குறைவு. ஆனால், தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயங்கள் இடிபடும்போது, செக்ரோல் புத்தகமும் கோயில் கணக்கும் குப்பைக்குப் போகின்றன. எது குப்பை, எது சான்று என்று பிரிக்கத் தெரிந்தவர் அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அதுவரை, தாத்தாவின் காகிதங்களை டிரங்குப் பெட்டியில் உலர்ந்த இடத்தில் வையுங்கள். படத்தின் பின்புறம் பென்சிலால், அழுத்தாமல், பெயரும் ஆண்டும் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிவிடும்.