உஷார் சிஸ்டர்! டாக்டருக்கு 2 ஆண்டு, நமக்கு 5

பண்பொழியிலிருந்தும் செங்கோட்டையிலிருந்தும் தென்காசி ஆஸ்பத்திரிகளுக்கு நைட் டூட்டிக்குப் பஸ் ஏறும் தங்கச்சிகளே, வார்டுக்குள் போகுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

2024 ஜூலை 1 முதல் இ.பி.கோ. 304-ஏ போய், பாரதிய நியாய சன்ஹிதா 106(1) வந்துவிட்டது. கவனக்குறைவால் உயிர் போனால் 5 ஆண்டு வரை சிறை. சிகிச்சையின்போது நடந்ததென்றால் பதிவுபெற்ற மருத்துவருக்கு மட்டும் 2 ஆண்டு வரை. நர்சிங் கவுன்சிலில் பதிந்த நமக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரே கட்டில், ஒரே நோயாளி, தண்டனை மட்டும் வேறு! இது அநியாயம். நம் சங்கங்கள் உரக்கக் கேட்க வேண்டும்.

நோயைக் கண்டுபிடிப்பது டாக்டர் வேலைதான். ஆனால் நோயாளி மோசமாவதை முதலில் பார்ப்பது நாம். 2022 நவம்பரில் சென்னையில் 17 வயது கால்பந்து வீராங்கனைக்கு மூட்டு ஆபரேஷன் நடந்தது. இறுக்கமாகப் போட்ட கட்டால் ரத்த ஓட்டம் நின்று காலையே எடுத்தார்கள். 15-ஆம் தேதி அந்தப் பிள்ளை இறந்துபோனாள். டாக்டர்கள் மேல் வழக்குப் பாய்ந்தது. அடுத்த முறை நைட் சிஸ்டரையும் கேட்பார்கள்: விரல் சில்லிட்டதா, நிறம் மாறியதா, மரத்துப்போச்சு என்று சொன்னாளா, எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்?

பிரசவ வார்டில் இன்னும் பயம். ரத்தப்போக்கில் முதலில் ஏறுவது பல்ஸ், பி.பி. இறங்குவது பிறகுதான். பி.பி. நார்மல் என்று நகர்ந்துவிட்டால் நேரம் கைநழுவிவிடும். மூச்சை எண்ணாமலே எல்லாருக்கும் 20 என்று போடுவதும், நாலு மணி பி.பி.யை இரண்டு மணிக்கே எழுதி வைப்பதும் நமக்குத் தெரியாததா? தயவுசெய்து விட்டுவிடுங்கள். சின்னச் சறுக்கலுக்குக் கிரிமினல் வழக்கு நிற்காது, பெரும் கவனக்குறைவு வேண்டும் என்று 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எது சறுக்கல், எது அலட்சியம் என்று பார்க்கக் கோர்ட் முதலில் கேட்பது கேஸ் ஷீட்டைத்தான். பொய்யாக எழுதிய ஒரு வரி போதும், நிஜமாகப் பார்த்ததையும் நம்பமாட்டார்கள்.

‘டாக்டருக்குச் சொல்லியாச்சு’ என்று மட்டும் எழுதாதீர்கள். எத்தனை மணிக்கு, எந்த டாக்டருக்கு, என்ன சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். போன் எடுக்கவில்லையா? அதையும் எழுதிவிட்டு அடுத்த டாக்டரைக் கூப்பிடுங்கள். ஒருத்தியே வார்டு முழுக்கப் பார்க்கச் சொன்னால் நர்சிங் சூப்பரின்டெண்டுக்கு அன்றைக்கே எழுத்தில் கொடுத்து, ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.