மரமுந்திரிகை மருந்தும் பையன்களின் ஓமோனும்

வண்ணாத்திவில்லுப் பக்கம் மரமுந்திரிகைத் தோட்டம் பழகிய காட்சி. அதே மரம்தான் கேரளத்தின் காசர்கோட்டிலும். அங்கே சுமார் 20 ஆண்டுகள், பூவையும் தளிரையும் உறிஞ்சும் தேயிலைக் கொசு என்ற பூச்சியைக் கொல்ல ஹெலிகொப்டரிலிருந்து எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். கீழே வீடுகளும் ஓடைகளும் இருந்தன. 2000இல்தான் அது நின்றது.

அகமதாபாத்தின் தேசிய தொழில்சார் சுகாதார நிறுவனம் அங்குள்ள 117 பையன்களையும் வேறொரு ஊரின் 90 பையன்களையும் ஒப்பிட்டு, 2003இல் முடிவை வெளியிட்டது. தெளிப்புக்கு உட்பட்ட பையன்கள் பருவமடைவது பிந்தியிருந்தது. ஆண் ஓமோனான டெஸ்டோஸ்டிரோன் குறைவு, எல்.எச். என்ற ஓமோனோ கூடுதல்.

ஏன் இப்படி? ஆணின் விதைகளுக்கு "டெஸ்டோஸ்டிரோன் சுர" என்று கட்டளையிடுவது மூளையடியிலுள்ள கபச்சுரப்பி; அந்தக் கட்டளைதான் எல்.எச். சுரப்பு குறைந்தால் கட்டளை உரக்கும். குரல் உயர்ந்தும் பதில் குறைவாக இருந்ததால், கோளாறு விதைகளிலேயே இருக்கலாம் என்று ஊகிக்கலாம். ஒரே ஆய்வை இறுதித் தீர்ப்பாக நான் கொள்ளவில்லை. ஆனாலும் வளரும் பிள்ளையின் உடம்பில் இப்படியொரு சந்தேகம் எழுவதே எனக்குப் போதும், கவலைப்பட.

இலங்கை எண்டோசல்பானை 1998இலேயே தடைசெய்தது. நஞ்சருந்தி இறந்தவர்கள்தான் அதற்குக் காரணம், ஓமோன் அல்ல. வேறு மருந்துகள் இன்றும் தோட்டத்தில் உண்டு. அவை தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். மருந்தடித்த சேட்டைத் தனியே துவையுங்கள். குளித்த பிறகே பிள்ளையைத் தூக்குங்கள். வெறும் மருந்துக் கேனில் குடிதண்ணீர் பிடிக்கவே வேண்டாம். எத்தனை முறை கழுவினாலும் சரி.