விருதுநகர் மக்களவைத் தொகுதி

விருதுநகர் மக்களவைத் தொகுதி, தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளில் 34 ஆவது ஆகும். 2008 ஆம் ஆண்டு மறுசீரமைப்பில் சிவகாசி மக்களவைத் தொகுதி நீக்கப்பட்டு இது உருவானது. பட்டாசு நகரான சிவகாசி இப்போது இதிலுள்ள ஒரு சட்டமன்றத் தொகுதி மட்டுமே.

தொகுதி எல்லையும் மாவட்ட எல்லையும் ஒன்றல்ல. மாணவர்கள் பெரும்பாலும் தவறும் இடம் இது. தமிழகத்தின் 234 சட்டமன்றத் தொகுதிகளை 39 ஆல் வகுத்தால் ஒரு மக்களவைத் தொகுதிக்கு ஆறு வரும். விருதுநகர் மாவட்டத்திலோ ஏழு உள்ளன. அவற்றுள் சாத்தூர், சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை ஆகிய நான்குடன் மதுரை மாவட்டத்தின் திருப்பரங்குன்றமும் திருமங்கலமும் சேர்க்கப்பட்டன. முன்பு சிவகாசித் தொகுதியில் இருந்த ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் தென்காசிக்குச் சென்றன. திருச்சுழி இராமநாதபுரத்தில் உள்ளது. எனவே, ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் ரயில் நிறுத்தம் கேட்டு மனு கொடுக்க வேண்டியது தென்காசி உறுப்பினரிடம்! ஆட்சியர் அலுவலகம் மட்டும் விருதுநகரில்தான்.

முதல் பொதுத்தேர்தலில் (1952) இவ்வட்டாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதி எனப்பட்டது. அங்கு வென்றவர் காமராசர். சிவகாசித் தொகுதியில் வைகோ 1998, 1999 தேர்தல்களில் வென்றார். புதிய தொகுதியின் முதல் தேர்தலில் (2009) அவரைக் காங்கிரசின் மாணிக்கம் தாகூர் தோற்கடித்தார். 2014 இல் அ.தி.மு.க.வின் டி. இராதாகிருஷ்ணனும், 2019, 2024 தேர்தல்களில் மீண்டும் தாகூரும் வென்றனர். 2024 இல் தே.மு.தி.க.வின் விஜய பிரபாகரனைவிட அவர் பெற்ற கூடுதல் வாக்குகள் 4,379 மட்டுமே.