பளிங்கு முற்றமும் பொன் தூவிய காபியும்

செம்பூர்த் தமிழ்க் குடும்பங்களில், வளைகுடாவில் ஒரு பிள்ளையோ மருமகனோ இல்லாத வீடு குறைவு. எனக்கு மகளும் அங்கே, தம்பியும் அங்கே. மகள் துபாயில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறாள். தம்பியோ இருபது வருடத்துக்கும் மேலாக, அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் தொழிலாளர் குடியிருப்பில் இருக்கிறான். சென்ற ஜனவரியில் நானும் மனைவியும் போயிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவனுக்கு விடுமுறை. அவனையும் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பினோம்.

முதலில் ஷேக் சாயித் பெரிய பள்ளிவாசல். எல்லா மதத்தினரும் உள்ளே போகலாம். கட்டணம் இல்லை; முன்பதிவு மட்டும் வேண்டும். பெண்கள் கை, கால், தலை எல்லாம் மறைய உடுத்த வேண்டும். புடவையே கதியென்றிருக்கும் என் மனைவி, மகளின் முழுக்கைச் சுடிதாரை மாட்டிக்கொண்டு துப்பட்டாவால் முக்காடிட்டாள். "மதினி, காலேஜ் பிள்ளை மாதிரில்லா இருக்கீக!" என்று தம்பி சிரித்தான்.

வெள்ளை வெளேரென்று 82 குவிமாடங்கள், நான்கு மினாராக்கள், ஆயிரத்துக்கு மேற்பட்ட தூண்கள். தொழுகைக் கூடத்தில் 12 டன் எடையுள்ள சரவிளக்கு. கீழே 5,627 சதுர மீட்டருக்கு ஒரே கம்பளம். சுமார் 1,200 ஈரானியப் பெண்கள் கையால் முடிச்சுப் போட்டு நெய்தது. பளிங்கு இத்தாலியிலிருந்தும் மாசிடோனியாவிலிருந்தும் வந்திருக்கிறது. தாஜ்மகாலுக்குக் கல் கொடுத்த நம் மக்ரானாவும் இதற்குக் கொஞ்சம் கொடுத்திருக்கிறது.

முற்றத்தின் ஓரம் வந்ததும் தம்பி நின்றுவிட்டான். 17,000 சதுர மீட்டர் பளிங்குத் தரை; அதில் கொடியும் பூவுமாய் வண்ணக் கற்கள்.

"அண்ணே, அந்தா அந்த மூலை தெரியுதா? அங்கதான் நான் கல் தேய்ச்சேன். அம்மா போன சேதி வந்ததும் அங்க வச்சுத்தான்."

1996-ல் தொடங்கிய வேலை 2007-ல்தான் முடிந்தது. அம்மா இறந்தது 2005-ல். தம்பி வரவில்லை, பணம் மட்டும் வந்தது. கொள்ளி வைத்த நான், இத்தனை வருடமும் அதை மனத்தில் முள்ளாக வைத்திருந்தேன். பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருந்ததும், லீவு கேட்டு மூன்று நாள் நடையாய் நடந்ததும், பிறகு அழுதுகொண்டே கல் தேய்த்ததும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தன. அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"திறந்த பிறகு நீ வந்து பார்க்கவே இல்லையா?"

"யாரோட வர? நீங்க வந்தாத்தான் காட்டணும்னு இருந்தேன்."

மாலையில் எமிரேட்ஸ் பேலஸ் ஹோட்டல். 2005-ல் திறந்தது. 114 குவிமாடங்கள், 1.3 கிலோமீட்டர் சொந்தக் கடற்கரை. திரும்பிய இடமெல்லாம் தங்கமும் பளிங்கும். பள்ளிவாசலில் நிமிர்ந்து நடந்த தம்பி, இங்கே வாசலிலேயே தயங்கினான். "நீங்க போயிட்டு வாங்க, நான் கார்ல இருக்கேன்" என்றான். மகள் விடவில்லை. "சித்தப்பா, எனக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டினதே நீங்க. வாங்க பேசாம" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

அந்த ஹோட்டலின் பேர்பெற்ற கப்புச்சினோ வந்தது. நுரையின் மேல் 24 காரட் தங்கத் துகள். தம்பி ஒரு வாய் குடித்தான். மீசையில் பொன் ஒட்டிக்கொண்டது.

"எப்படிடா இருக்கு?"

"தங்கத்துக்கு ருசி ஒண்ணும் இல்லண்ணே. அம்மா போடுற கருப்பட்டிக் காபிதான் காபி."

எல்லோரும் சிரித்தோம். விலையை அவன் கேட்கவில்லை, மகளும் சொல்லவில்லை.

குடியிருப்பு வாசலில் அவனை இறக்கிவிட்டபோது, "வர்ற ஆடியில் அம்மா திதிக்கு நீயும் வா. ரெண்டு பேரும் சேர்ந்து கொடுப்போம்" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு வேகமாக உள்ளே போய்விட்டான்.

அன்பர்களே, அபுதாபி போனால் இரண்டையும் பாருங்கள். அந்த ஊரில் உங்கள் சொந்தக்காரர் யாராவது உழைத்துக்கொண்டிருந்தால், அவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.