போர் தண்ணீரும் கேழ்வரகுக் களியும்

டீ கொஞ்சம் ஆறட்டும், அதற்குள் தருமபுரிப் பக்கத்துத் தண்ணீரைப் பற்றிப் பேசிவிடுவோம். பார்வைக்குத் தெளிவான தண்ணீர்தான், நிறமில்லை, வாடையில்லை. ஆனால் அதைக் குடித்து வளர்ந்த பிள்ளைகள் சிரித்தால் பல்லில் பழுப்புக் கறை தெரியும். காரணம் ஃப்ளோரைடு, பாறையிலிருந்து கரைந்து வருவது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏரியும் கிணறும் வற்றிப்போய் போரை ஆழமாக இறக்கினால், பாறை இடுக்கில் நெடுங்காலம் ஊறிக் கிடந்த தண்ணீர்தான் மேலே வருகிறது.

இது தண்ணீர்ப் பிரச்சினை, இதில் சாப்பாடு எங்கே வந்தது என்பீர்கள். ஒரே போரில் பிடித்த தண்ணீர்தான். ஆனாலும் ஒரு பிள்ளைக்குப் பல் கறையோடு நின்றுவிடும், இன்னொரு பிள்ளைக்குக் கால் எலும்பே வளையும். தட்டில் என்ன இருக்கிறது என்பதற்கும் இதில் பங்கு உண்டு. வயிற்றில் கால்சியம் இருந்தால் ஃப்ளோரைடில் ஒரு பகுதி அதோடு சேர்ந்து எளிதில் கரையாத பொருளாகி, மலத்தோடு போய்விடும். கால்சியம் இல்லையென்றால் அதுவும் ரத்தத்தில் ஏறி எலும்பில் தங்கும். அப்படிப்பட்ட எலும்பு கனமாகும், ஆனால் உறுதி குறையும். வளரும் வயதில் கால்சியமும் பற்றாமல் போனால் கால் வளைவதற்கு அதுவே போதும்.

நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம். தீட்டிய அரிசியில் பத்துகூடத் தேறாது. களி தின்ற ஊர்கள் அரிசிச் சோற்றுக்கு மாறியதும், போர் ஆழமானதும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நடந்தவை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க நாம் பழகவில்லை என்பதே என் குறை. தண்ணீரை ஒரு துறை பார்க்கிறது, சத்துணவை வேறொரு துறை.

இத்தனைக்கும் ஃப்ளோரைடு எலும்பைக் கெடுக்கும் என்பது புதிதாகத் தெரிந்த சங்கதியல்ல. நெல்லூர்ப் பகுதியில் எலும்பு இறுகி முடங்கியவர்களைப் பற்றி மருத்துவர்கள் 1937லேயே எழுதிவிட்டார்கள். அன்று நெல்லூர் சென்னை மாகாணத்தில் இருந்தது. (நாம் குடிக்கிற இந்த டீயிலும் ஃப்ளோரைடு உண்டு. தேயிலைச் செடி அதை மண்ணிலிருந்து இழுத்து இலையில் சேர்த்துக்கொள்ளும். நல்ல தண்ணீர் உள்ள ஊரில் இரண்டு கிளாஸ் டீக்குப் பயப்பட வேண்டாம்.)

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. பெரிய காரியம்தான். ஆனால் குழாய்த் தண்ணீரைக் குடிக்க மட்டும் ஒதுக்கி, சோறு வடிக்கவும் குழம்பு வைக்கவும் போர் தண்ணீரையே மொண்டால் பாதி வேலைதான் நடக்கும். அரிசி வேகும்போது தண்ணீரோடு ஃப்ளோரைடையும் உறிஞ்சிக்கொள்கிறது. கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். கிருமி சாகும், சரி. ஃப்ளோரைடு ஆவியாகிப் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும்.